லியரி கான்ஸ்டன்டைன் சரித்திரம்

பந்தாட்டத்திற் பெயர்பெற்ற ஒருவரது வாழ்க்கையை இப்பத்திரிகையில் வரையப் புகுந்தமை கண்டு பெரியோர் சிலர் வியப்படையக்கூடும். பிள்ளைகள் கிரிக்கெட்டு ஆட்டத்திற் போக்கும் பொழுதைக் குறித்துப் பெற்றோர் படுங் கவலையை யாம் அறியாதவரல்லேம். பல்லாண்டுகளாக மாணாக்கரோடு பழகிவரும் எமக்கு அது நாடோறுங் கேட்கும் முறையீடேயாம். ஆயினும் யாம் இங்கெடுத்துக் கொண்டவர் வெறும் ஆட்டக்காரரல்லர். மட்டையால் அடித்தல், பந்து வீசுதல், வந்த பந்தைத் தடுத்துப் பிடித்தல் என்னும் மூன்றினும் ஒருங்கே வல்லாரை ஆல்ரவுண்டர் என வழங்குவர். அவ்வகையினருள் தம் காலத்தில் முதல் வரிசையில் நின்றவர் லியரி கான்ஸ்டன்டைன். நிறம்பற்றித் தமக்கு அடைக்கப்பட்ட கதவுகளை முதலில் ஆட்டத்தாலும், பின்னர்ச் சட்டக் கல்வியாலும் ஒவ்வொன்றாகத் திறந்தவரும் அவரே. அதனாலேயே அவரது சரித்திரம் நம் குடும்பங்களிற் படிக்கத்தக்கதென்று யாம் துணிந்தோம்.

மேற்கிந்தியத் தீவுகளுள் டிரினிடாட் என்பது தென்னமெரிக்கக் கரைக்கு அணித்தாயுள்ளது. கரும்பும் கொக்கோவும் அதன் பழைய விளைபொருள்கள். அவற்றைப் பயிரிடுதற்பொருட்டு ஐரோப்பியர் ஆப்பிரிக்காவினின்றும் மக்களை விலங்கிட்டுக் கொணர்ந்து அடிமைகளாக விற்றனர். ஆங்கில ஆட்சிக்குட்பட்ட அந்நாடுகளில் அடிமைமுறை 1834-ம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாயினும், தொழிற்பயிற்சிக் காலம் என்னும் பெயரால் 1838 வரையில் நீடித்தது. அதன்பின் தோட்டங்களுக்கு ஆளின்மையால் 1845 முதல் 1917 வரை இந்தியாவினின்றும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினர். அவருட் பெரும்பாலார் கல்கத்தாவிற் கப்பலேறியவர். சென்னைத் துறைமுகத்தினின்றும் சென்ற நம்மவரும் உளர்.

இத்தீவில், டீகோ மார்ட்டின் என்னும் ஊர்க்கு அருகேயுள்ள பெட்டிட் வாலி என்னுமிடத்தில், 1901-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ந் தேதியன்று கான்ஸ்டன்டைன் பிறந்தார். அடிமைகளாயிருந்தோரின் பேரர் அவர். தந்தையார் லெப்ரன் என்பவர் கொக்கோத் தோட்டமொன்றில் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவர். தம் காலத்திற் சிறந்த பந்தடி வீரருமாவர். 1900-ம் ஆண்டில் மேற்கிந்தியக் கூட்டத்தார் முதன்முறையாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, லெப்ரனுக்கு அழைப்பிருந்தும் செலவுக்குப் பொருளின்மையால் அவர் போகவில்லை. கப்பல் புறப்படும் நாளில் அவர் நகரவீதியில் நிற்கக் கண்ட அன்பர்கள் உடனே பணந்திரட்டி, விசைப்படகொன்றில் அவரையேற்றிக் கப்பலைத் துரத்திச் சென்று சேர்ப்பித்தனர் என்று அந்நாட்டார் இன்றும் சொல்வர். அப்பிரயாணத்தில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் லெப்ரன் 113 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்தியர் ஒருவர் நூறு கடந்தது அதுவே முதன்முறை.

இத்தகையாரின் இல்லத்தில் ஆட்டம் எங்ஙனம் பயிலப்பட்டதென்று சொல்லவேண்டா. வீட்டு முற்றமே மைதானம். தந்தையும் மக்களும் மாறிமாறி அடிப்பதும் வீசுவதுமாயிருக்க, தாயாரே விக்கெட்டின் பின்னின்று பந்தைப் பிடிப்பார். தாயாரின் உடன்பிறந்தாராகிய விக்டர் பாஸ்கல் என்பவரும் தீவுக்காக ஆடிய பந்து வீச்சாளர். பெண்டிரும் பிள்ளைகளும் கூடி ஆடிய அம்முற்றத்தைப் பற்றி எண்ணுந்தோறும் எமக்கு உவகையுண்டாகின்றது. குடும்பத்தார் ஒருங்கிருந்து செய்யுந் தொழில் எதுவாயினும் அது பிள்ளைகளின் கையிற் படிந்துவிடுவதை நெசவு முதலிய தொழில்களில் நாம் காண்கின்றோமன்றோ? எனினும் லெப்ரன் ஒன்றிற் கண்டிப்பாயிருந்தார். மைந்தர் முதலில் ஒரு தொழிலில் நிலைபெற வேண்டும். ஆட்டம் அதற்குப் பின்னரே என்பது அவர் கொள்கை. ஆதலின் பள்ளிப்படிப்பு முடிந்ததும் 1917-ம் ஆண்டிற் கான்ஸ்டன்டைன் வழக்கறிஞர் ஒருவரின் காரியாலயத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

சட்டத்தில் அவருக்கு நாட்டம் இருந்தது. ஆனால் கறுப்பினத்தைச் சேர்ந்த, பொருளற்ற குடும்பத்துப் பிள்ளையொருவர் அக்காலத்து டிரினிடாட்டில் தஸ்தாவேஜுகளைப் பெயர்த்தெழுதலாம். அத்தஸ்தாவேஜுகளின் அடியிற் சட்டம் வல்லாராய்க் கையெழுத்திடும் நிலைக்கு உயர்தல் எளிதன்று. அவர் இதனை அங்குச் சேர்ந்த சின்னாட்களிலேயே உணர்ந்தார்.

ஆட்டத்திலும் அதே வரம்பு நிலவியது. தலைநகராகிய போர்ட்-ஆப்-ஸ்பெயினில் ஒரே வெளியிற் பல சங்கங்கள் ஆடும்; ஆனால் அச்சங்கங்கள் நிறத்தாலும் செல்வத்தாலும் வகுக்கப்பட்டவை. குவீன்ஸ் பார்க்குச் சங்கம் வெள்ளையருக்கும் பெருஞ்செல்வர்க்கும் உரியது. அதுவே ஆட்சி செலுத்துவது. மேப்பிள் என்பது வெளிறிய நிறமுடைய கலப்பினத்து நடுத்தர வகுப்பார்க்கு. ஷானன் என்பது கறுப்பினத்து ஆசிரியர், குமாஸ்தாக்கள் முதலியோர்க்கு. ஸ்டிங்கோ என்பது கைத்தொழிலாளர்க்கு. ஒருவரது முகத்தைப் பார்த்தே அவர் எச்சங்கத்தாரென்று சொல்லிவிடலாமாம். பிறப்புப்பற்றிய படிமுறைகளை அறிந்த நம் நாட்டார்க்கு இதனை விளக்க நீண்ட உரை வேண்டுவதில்லை. கான்ஸ்டன்டைன் ஷானன் சங்கத்தில் ஆடினார். பொழுதுபோக்காக ஆடுவோர்க்கும் தம்மினத்தின் மதிப்பே அம்மைதானத்தில் நிறுக்கப்படுகின்றதென்று கருதி ஆடுவோர்க்கும் உள்ள வேறுபாடு அச்சங்கத்தாரிடம் விளங்கிற்று.

1921-ம் ஆண்டில் அவர் டிரினிடாட்டுக்காக ஆடத் தொடங்கினார். மறுவருடம் பிரிட்டிஷ் கயானாவுக்கு எதிராகத் தந்தையும் மகனும் ஒரே கூட்டத்தில் நின்று ஆடினர். 1923-ல் மேற்கிந்தியக் கூட்டத்தில் ஒருவராக இங்கிலாந்து சென்றார். அம்முறை அடித்தலினும் வீசுதலினும் பெரும்பெயர் கிடைத்திலது. பந்து தடுத்தலிலேயே அவர் புகழ் பரவிற்று. எங்கடிப்பினும் அங்கு அவர் நிற்பார். அவர் தடுத்துப் பிடித்தலைக் காண்பதற்கென்றே கட்டணங்கொடுத்து மக்கள் வந்தனர்.

பின்னர் ஐந்தாண்டுகள் அவர் தம்மைத் திருத்திக்கொள்வதிற் கழித்தார். விரைவாக வீசும் பயிற்சியை மேற்கொண்டார். எண்ணெய்க் கம்பெனியொன்றில் வேலைபார்த்துக்கொண்டே, ஒழிந்த பொழுதெல்லாம் இதற்கே செலவிட்டார். 1927-ல் நார்மா என்னும் நங்கையாரை மணந்தார். 1928-ல் இங்கிலாந்துக்கு இரண்டாம்முறை சென்றபோது அப்பயிற்சியின் பயன் வெளியாயிற்று.

அவ்வருடம் ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் மாகாணத்தாரோடு நடந்த ஆட்டத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். உடல்நலக் குறைவால் ஓய்வெடுக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பிரயாணத்தின் வரவுசெலவு இடர்ப்பட்டிருந்தமையால், மக்களை இழுக்கவல்ல அவர் ஆடாதிருக்க இயலவில்லை. மிடில்செக்ஸ் 6 விக்கெட்டுக்கு 352 ஓட்டம் எடுத்து நிறுத்திற்று. எதிரே மேற்கிந்தியர் 5 விக்கெட்டை இழந்து 79 என்ற நிலையில் இவர் புகுந்து, ஒருமணி நேரத்துக்குட்பட்ட பொழுதில் 86 ஓட்டம் எடுத்தார். கூட்டம் 230-ல் முடிந்தது. இரண்டாம் முறை மிடில்செக்ஸ் ஆடவந்தபோது இவர் வீசிய பந்துகளில் 57 ஓட்டத்துக்கு 7 விக்கெட்டுகள் வீழ்ந்தன. அவற்றுள் இறுதி 6 விக்கெட்டுகளுக்கு அவர் கொடுத்தவை 11 ஓட்டங்களே. வெற்றிக்கு 259 வேண்டும். மறுபடியும் 5 விக்கெட்டுகள் 121-ல் போயின. மறுபடியும் இவர் வந்தார். ஒருமணி நேரத்தில் 103 ஓட்டங்கள்! இவர் அடித்த பந்தொன்றைத் தடுக்கமுயன்ற ஜாக் ஹெர்ன் என்பாரின் விரல் முறிந்தது. 3 விக்கெட்டு எஞ்சியிருக்க மேற்கிந்தியர் வென்றனர். ஒரே ஆட்டத்தில் ஒருவர் இருமுறை தோல்வியின் வாயினின்றும் தம் கூட்டத்தை மீட்டது அரிதினும் அரிது என்போம்.

அப்பருவத்தில் மொத்தம் 1,381 ஓட்டங்களும் 107 விக்கெட்டுகளும் எடுத்தார். ஆனால் அவ்வருடமே மேற்கிந்தியர் முதன்முறையாக ஆடப்பெற்ற மூன்று டெஸ்டுப் பந்தயங்களிலும் ஒவ்வொரு இன்னிங்ஸால் தோற்றனர். அவற்றில் இவரும் சிறந்திலர். உள்ளதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாதாகலின் இதனையுங் கூறினோம்.

டிரினிடாட்டுக்கு மீண்டு குமாஸ்தா வேலையையே பற்றியிருப்பின் இக்கதை இங்கு முடிந்திருக்கும். லங்காஷயர் மாகாணத்தில் நெல்சன் என்றொரு சிற்றூர். பருத்தி நெசவாலைகள் நிறைந்தது. அவ்வூர்ச் சங்கத்தார் ஒரு பருவத்துக்கு 500 பவுன் சம்பளத்துக்கு அவரைத் தம் லீக் பந்தயங்களில் ஆட அழைத்தனர். 1929-ல் மனைவியாரோடு அவர் அங்கே குடிபுகுந்தார். கறுத்த நிறத்தாரை அவ்வூரார் முன்பு கண்டவரல்லர். சிறுவர் பலகணியின் வழியே எட்டிப்பார்த்தனர்; நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்துவிட்டு முகங்கழுவாது வந்தாரோவென்று வினவினோரும் உண்டு. இழித்தெழுதிய கடிதங்கள் வந்தன. முதற்பருவம் முடிந்ததும் ஊர்க்குத் திரும்பிவிடலாமென்று அவர் மனந்தளர்ந்தார். தங்குவதே தகும் என்று அவரை நிலைநிறுத்தியவர் நார்மா அம்மையார். அவர் அவ்வாறு செய்யாதிருப்பின் பின்வரும் வரலாறு யாதும் நிகழ்ந்திராது.

1929 முதல் 1937 வரை ஒன்பது பருவங்கள் நெல்சனுக்காக ஆடினார்; அவற்றுள் ஏழில் நெல்சன் முதலிடம் பெற்றது; எஞ்சிய இரண்டிலும் இரண்டாமிடத்துக்குக் கீழ்ச்சென்றதில்லை. சனிக்கிழமை பிற்பகலில் நெசவாலைத் தொழிலாளர் இவரைக் காணத் திரண்டனர். வேற்றூர்ச் சங்கங்களும் இவர் வந்தாடும் நாளின் வசூலை எதிர்நோக்கியிருந்தன. ஏளனஞ் செய்த ஊரே இவரைத் தன் பிள்ளையெனக் கொண்டாடிற்று; பிற்காலத்தில், 1963-ல், அவ்வூரின் கௌரவக் குடியுரிமையை அளித்தது. அவ்வூர்வாசத்தை அவர் கல்விக்கும் பயன்படுத்தினார். 1932-ல் டிரினிடாட்டினின்றும் வந்த ஸி. எல். ஆர். ஜேம்ஸ் என்னும் எழுத்தாளரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து ஆதரித்தார்; அவர் துணைகொண்டு தாமும் ஒரு நூல் இயற்றி 1933-ல் வெளியிட்டார். இருவரும் மேற்கிந்தியரின் தன்னாட்சி குறித்து ஊரூராகச் சென்று பேசினர். நெல்சனில் வாழ்ந்த காலத்திலேயே சட்டப் புத்தகங்களையும் மீண்டும் கையிலெடுத்தார்.

டெஸ்டுப் பந்தயங்களில் அவர் பெற்ற வெற்றிகள் சிலவற்றை மாத்திரம் சுருங்கக் கூறுவோம். 1930-ல் கயானாவின் ஜார்ஜ் டவுனில் மேற்கிந்தியர் இங்கிலாந்தை முதன்முறை வென்றபோது இவர் 9 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1933-ல் மாஞ்செஸ்டரில் இவரும் மார்ட்டிண்டேல் என்பாரும் உடலை நோக்கி உயர எழும் பந்துகளை வீசினர். ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிற் செய்ததையே திருப்பிச் செய்தாரெனினும், அம்முறையை யாம் புகழேம். 1934-ன் இறுதியில் நம் நாட்டுக்கும் வந்து செகந்தராபாத்தில் மொயினுத்தௌலா தங்கக் கிண்ணப் பந்தயத்தில் ஆடினார். அதன்பின் தாயகஞ் சென்று 1935-ல் டிரினிடாட்டு டெஸ்டில் 90 ஓட்டம் எடுத்ததோடு, ஒரேயொரு பந்து எஞ்சியிருந்த நிலையில் இங்கிலாந்தின் இறுதி விக்கெட்டையும் வீழ்த்தினார். அவ்வரிசையின் கடைசிப் பந்தயத்திற் தலைவர் காயமுறவே, களத்தில் தலைமையை இவரே ஏற்று வெற்றி முடித்தார். மேற்கிந்தியர் இங்கிலாந்தை ஒரு வரிசையில் வென்றது அதுவே முதன்முறை. ஆயினும் தலைவர் என்னும் பதவி வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. அம்முறை மாறவேண்டுமென்று கான்ஸ்டன்டைன் இடைவிடாது வற்புறுத்தினார். ஒரு முழு வரிசைக்குக் கறுப்பினத்தார் ஒருவர், பிராங்க் வொரல் என்பவர், தலைவராக நியமிக்கப்பட்டது 1960-ம் ஆண்டிலேதான்.

1939-ல் தம் கடைசி டெஸ்டை லண்டன் ஓவல் மைதானத்தில் ஆடி, 75 ஓட்டத்துக்கு 5 விக்கெட்டும், அடித்தலில் 79 ஓட்டமும் பெற்றார். மொத்தம் 18 டெஸ்டுகளில் 635 ஓட்டங்கள், 58 விக்கெட்டுகள், 28 பிடிகள். இவ்வெண்களை மாத்திரம் பார்ப்போர் இவர்க்கேன் இத்துணைப் புகழென்று ஐயுறுவர். இவர் ஆட்டம் சிலமணி நேரத்திற் சுடர்விட்டெரிந்து ஒரு பந்தயத்தின் போக்கையே மாற்றுவது. சராசரி என்னும் கணக்குக்கு அது அகப்படுவதில்லை.

இனி உலகப்போர்க் காலத்துக்கு வருவோம். மேற்கிந்தியத் தீவுகளினின்றும் தொழிற்சாலைகளில் வேலைசெய்ய வந்த இளைஞரின் நலங்காக்கும் உத்தியோகத்தில் ஆங்கிலத் தொழில் அமைச்சகம் கான்ஸ்டன்டைனை லிவர்ப்பூலில் அமர்த்தியது. 1943-ம் ஆண்டு ஜூலையில், லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு தருமப் பந்தயத்துக்கு மேற்கிந்தியர் கூட்டத்தின் தலைவராக ஆடும்பொருட்டு, லண்டன் இம்பீரியல் ஹோட்டலில் தமக்கும் மனைவியார்க்கும் மகளார்க்கும் நான்கு இரவுக்கு இடம் பேசி, 2 பவுன் முன்பணமுங் கட்டியிருந்தார். தம் நிறங் காரணமாகத் தடையுண்டோவென்று முன்னரே வினவி, இல்லையென்று விடையும் பெற்றிருந்தார். மூட்டை முடிச்சுகளோடு குடும்பத்தார் சென்றிறங்கியபோது, ஓரிரவுக்குமேல் தங்கலாகாது என்றனர். அங்குத் தங்கியிருந்த அமெரிக்க வெள்ளையர் மனங்கோணுவர் என்பது அவர்கள் காட்டிய காரணம். அமைச்சகத்து மேலதிகாரியே நேரில் வந்து, இவர் அரசாங்க உத்தியோகஸ்தரென எடுத்துரைத்தும் பயனில்லை. அங்கிருந்த நிர்வாகியம்மாள் இழிசொல்லும் வழங்கினாள். மனைவி மகளின் முன்னிலையில் இவ்வவமானம் நேர்ந்தது. கூட்டங்கூட்டிக் கூச்சலிடவும் அவர்க்கு ஆட்களிருந்தனர். ஆனால் அவர் வேறு ஹோட்டலிற் சென்று தங்கி, அப்பந்தயத்தை ஆடி முடித்து, பின்னர் அமைதியாகப் பிராது கொடுத்தார்.

வழக்கு 1944 ஜூன் மாதம் நியாயாதிபதி பர்க்கெட் முன்னர் விசாரணைக்கு வந்தது. சர் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ் கான்ஸ்டன்டைனுக்காக வாதாடினார். அக்காலத்து இங்கிலாந்தில் நிறவேற்றுமையைத் தண்டிக்கும் தனிச்சட்டம் யாதுமில்லை. ஆனால் வழிப்போக்கரை, இடமிருந்தும், தக்க காரணமின்றி விடுதி நடத்துவோர் மறுத்தலாகாது என்பது அந்நாட்டின் பழைய பொதுச்சட்டம். சத்திரஞ் சாவடிகளுக்குப் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த அவ்விதியையே இவர் தரப்பார் கைக்கொண்டனர். தங்களுடைய மற்றொரு ஹோட்டலில் இடம் அளித்தோமே என்று எதிர்த்தரப்பார் வாதித்தது செல்லவில்லை. கான்ஸ்டன்டைனின் வாக்குமூலத்தை நியாயாதிபதி முழுதும் நம்பி, அவர் நடந்துகொண்ட பெருந்தன்மையையும் பாராட்டித் தீர்ப்பளித்தார். கிடைத்த நஷ்டஈடு 5 கினி. அஃதாவது 5 பவுன் 5 ஷில்லிங். தொகை சிறிது, நிறங்கருதி ஒருவரை வாயிலிற் தடுப்பது நியாயஸ்தலத்தின் முன் குற்றமாகும் என்பது நாடறிய நிலைநாட்டப்பட்டது.

போர் முடிந்த 1945-ம் வருடம் ஆகஸ்டு மாதம், ஆஸ்திரேலியர் முதலிய பல நாட்டு வீரர் சேர்ந்த கூட்டமொன்று இங்கிலாந்தை லார்ட்ஸில் எதிர்த்தது. அதில் வெள்ளையரல்லாதவர் இவரொருவரே. குறித்த தலைவர் உடல்நலமின்றி வராமற் போகவே, மற்றையோர் இவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தனர். 45 ஓட்டத்தால் வெற்றியுங் கிட்டியது. அதனோடு பெரிய ஆட்டங்களினின்றும் விலகினார்.

அதன்பின் சட்டப் படிப்பையே முழுமூச்சாக மேற்கொண்டார். பள்ளிக்கூடத்தை விட்டு முப்பதாண்டுகள் கழிந்தவர்க்குப் பரீட்சை எளிதாயிருக்கவில்லை. மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அஞ்சாதவர், பரீட்சைத் தாளின் முன்னர்த் திணறினார் என்பதை நம் மாணாக்கர் அறிவது நன்று. 1954-ல், தம் 53-ம் வயதில், லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டராக அங்கீகரிக்கப் பெற்றார். நிறவேற்றுமையைக் குறித்து அவரெழுதிய நூலும் அவ்வருடமே வெளிவந்தது.

பின்னர்த் தாயகம் மீண்டு, எரிக் வில்லியம்ஸ் தொடங்கிய மக்கள் தேசிய இயக்கத்தின் முதல் அக்கிராசனராகி, 1956-ல் தேர்தலில் வென்று, போக்குவரத்தும் மராமத்தும் கவனிக்கும் மந்திரியானார். கட்சியரசியல் அவர் இயல்புக்கு ஒத்ததென்று எமக்குத் தோன்றவில்லை. 1961-ல் அதனைவிட்டு லண்டனில் டிரினிடாட்டின் ஹைகமிஷனரானார். 1962-ல் சர் பட்டம் வந்தது. மறுவருடம் பிரிஸ்டல் நகரத்துப் பஸ் கம்பெனியார் கறுப்பினத்தாரையும் ஆசியரையும் பஸ் ஊழியராகச் சேர்க்க மறுத்தனர். அங்குள்ள மேற்கிந்திய இளைஞர் அப்பஸ்களைப் பகிஷ்கரித்தனர். ஹைகமிஷனர் பதவியிலிருப்போர் பிறநாட்டு உள்விவகாரத்திற் தலையிடலாகாதென்பது வழக்கம். அதனைப் பொருட்படுத்தாது கான்ஸ்டன்டைன் வெளிப்படையாக இளைஞர் பக்கம் பேசினார். கம்பெனிக்கு மேலுள்ள அதிகாரிகளையுங் கண்டார். 1963 ஆகஸ்டு மாதம் கம்பெனி இணங்கியது. அடுத்த மாதம் வெள்ளையரல்லாத முதற் கண்டக்டராக வேலையேற்றவர் சீக்கியர் ஒருவர். ஆனால் கான்ஸ்டன்டைனின் செய்கை அவருடைய சொந்த அரசாங்கத்தார்க்கு உவப்பாயிருக்கவில்லை. 1964-ல் பதவியை விட்டார்.

1965-ல் இங்கிலாந்தில் இனவேற்றுமைத் தடைச்சட்டம் பிறந்தது. ஹோட்டல் முதலிய பொதுவிடங்களில் நிறம்பற்றி விலக்குதலை அது தடுத்தது. அதனை நடத்த 1966-ல் ஏற்பட்ட மூவர் குழுவில் கான்ஸ்டன்டைன் ஒருவர். இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் வழக்காடியவரே அச்சட்டத்தின் காவலரானார். 1969-ல் பிரபுக்கள் சபையில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். மராவலும் நெல்சனும் என்று பிறந்த நாட்டூரையும் புகுந்த நாட்டூரையும் சேர்த்துத் தம் பட்டப்பெயரை அமைத்துக்கொண்டார். அவர் மிகவும் மென்மையாகிவிட்டார், ஆள்வோரோடு கலந்துவிட்டார் என்று பிற்காலத்து இளைஞருட் சிலர் குறைகூறினர். அக்குறையை முற்றும் பொய்யென்று தள்ளோம். எனினும் அவ்விளைஞர் நுழைந்த வாயில்கள் சிலவற்றின் தாழ்ப்பாளை நீக்கியது யாரென்பதையும் சேர்த்தே நிறுக்கவேண்டும்.

உடல் தளர்ந்தமையால் டிரினிடாட்டுக்கே திரும்பிவிட எண்ணியிருந்தார். அதற்குள் 1971-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி லண்டனிற் காலமானார். உடலை விமானத்திற் கொண்டுசென்று அரசாங்க மரியாதையுடன் அரூக்கா என்னும் ஊரில் அடக்கஞ் செய்தனர். அக்காலத்தில் நாட்டின் மிகவுயர்ந்த விருதாயிருந்த டிரினிட்டி கிராஸ் மறைவுக்குப்பின் அளிக்கப்பெற்றது. லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் மடாலயத்திலும் நினைவு வழிபாடு நடந்தது. நெல்சனில் அவரைத் தங்கச் செய்த நார்மா அம்மையாரும் அடுத்த இரண்டு திங்களுக்குள் காலமாயினர்.